பாத்திரம் கழுவும் கைக்கும் உறை வேண்டும்

பொது உணவகத்தில் நுழையச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்றது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. முன்வாசல் திறந்தது. ஆனால் எச்சில் தட்டும் அடிப்பிடித்த அண்டாவும் குவியும் பின்கட்டில் யாரை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள், தோழர்களே. எச்சில் தீட்டு என்ற பழைய கணக்கு அங்கே இன்னும் தீரவில்லை.

நாள் முழுக்க ஈரத்தில் நின்றால் காலில் சேற்றுப்புண். சோப்புத் தண்ணீரில் ஊறிய கையில் வெடிப்பு. நுரைக்குள் கிடக்கும் கத்தி விரலை அறுக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

கையுறை, பூட்ஸ், வழுக்காத தரை, கத்திகளுக்குத் தனித் தட்டு: இவை முதலாளியின் கருணையல்ல, உழைப்பவரின் உரிமை. “பழகிய கை, தாங்கும்” என்கிறார்கள். மலக்குழியில் மனிதரை இறக்குகிறவர்களின் நியாயமும் இதுதான்.

படித்துக்கொண்டே ஓட்டலில் வேலை பார்க்கும் தோழர்களே, கையுறை கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.