குளிர்பான டின்னில் ஒரு அடுப்பு... குந்தா மலைக்குச் சரிப்படுமா?

மஞ்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அறைவது குளிர்தான். கண் அடுத்ததாகத் தேடுவது டீக்கடையை. கடை இருக்கும் வரை கவலையில்லை. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் நடக்கக் கிளம்புகிறவர்களுக்குத்தான், `வெந்நீருக்கு என்ன வழி?' என்ற கேள்வி வருகிறது.

இப்போது மலையேற்றம் போகும் இளைஞர்கள் பலர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பிரிட் அடுப்பு. காலி குளிர்பான டின்னை வெட்டி வீட்டிலேயே செய்தால் 10, 15 கிராம்தான் எடை. பிள்ளையின் பையில் டின் அடுப்பையும் ஸ்பிரிட் பாட்டிலையும் பார்க்கும் அம்மாக்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இந்தப் பயம் வீணா, நியாயமா? வாங்குவதற்கு முன் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எப்படி எரிகிறது?

பள்ளி ஆய்வகத்து ஸ்பிரிட் விளக்கு நினைவிருக்கிறதா? கல்யாணப் பந்தியில் பஃபே பாத்திரத்துக்கு அடியில் நீலமாக எரியும் சின்ன டப்பாவையாவது பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். ஆல்கஹால் சூடாகி ஆவியாகிறது, அந்த ஆவி எரிகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் போல பம்ப் அடிக்க வேண்டாம், பின் குத்த வேண்டாம். அடைத்துக்கொள்ள உதிரிபாகமே கிடையாது.

இவற்றில் மூன்று வகை உண்டு. முதலாவது, சும்மா ஒரு திறந்த கிண்ணம். இரண்டாவது, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட டின். உள்ளே ஆவி சேர்ந்து துளை வழியே சுடர் விடும். மூன்றாவது, பித்தளையில் செய்த கனமான வகை. ஸ்வீடன் நாட்டு ட்ராஞ்சியா நிறுவனம் 1951 முதல் இந்த வகையைச் செய்துவருகிறது. பர்னர் மட்டும் 110 கிராம். டின்னைவிடப் பல மடங்கு கனம்தான். ஆனால் அதற்குத் திருகு மூடி உண்டு. மீந்த ஸ்பிரிட், அடுப்பு ஆறிய பிறகு உள்ளேயே இருக்கலாம். தீயைக் குறைக்க ஒரு வளையமும் வரும். டின் அடுப்பில் இவை இல்லை. ஊற்றியது தீரும் வரை எரியும், அவ்வளவுதான். காலில் மிதிபட்டால் நசுங்கியும் போகும்.

எடை உண்மையிலேயே குறைவா?

அடுப்பின் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எரிபொருளையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

ஒரு கிலோ எத்தனாலில் இருப்பது சுமார் 27 மெகாஜூல் வெப்பம். சமையல் எரிவாயுவில் அது 46-ஐ ஒட்டி வரும். அதாவது, அதே வேலைக்கு ஸ்பிரிட் அதிகம் செலவாகும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காற்றில்லாத இடத்தில் 15 முதல் 20 மில்லி ஸ்பிரிட் போதும். மலைக் குளிரில் 25 மில்லி என்று வைத்துக்கொள்வது நல்லது. நேரம் ஆறிலிருந்து பத்து நிமிடம்.

இரண்டு பேர், மூன்று நாள் பயணம், நாளுக்கு ஒன்றரை லிட்டர் வெந்நீர் என்றால் மொத்தம் 225 மில்லி ஸ்பிரிட். எடை சுமார் 180 கிராம். அடுப்பு, காற்றுத்தடுப்புத் தகடு, பாட்டில் எல்லாம் சேர்த்தால் 250 கிராம். சின்ன கேஸ் டப்பாவும் அதன் மேல் திருகும் பர்னரும் சேர்ந்தால் ஏறக்குறைய 280 கிராம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை!

ஒருவர் ஒன்றிரண்டு நாள் போவதென்றால் ஸ்பிரிட் அடுப்பு லாபம். நாலு பேர் குடும்பமாக ஒரு வாரம் போவதென்றால் கேஸ்தான் லாபம். `அல்ட்ராலைட்' என்ற பெயரைப் பார்த்து மயங்காமல், ஆள் எத்தனை, நாள் எத்தனை என்று பெருக்கிப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

குந்தா குளிருக்கு எப்படி?

எத்தனாலின் ஆவி தீப்பற்ற அது சுமார் 13, 14 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலாவது இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் நீலகிரி மேட்டில் உறைபனி கொட்டும்போது பாட்டிலில் இருக்கும் ஸ்பிரிட் அதைவிடக் குளிர்ந்துவிடும். தீக்குச்சியைக் காட்டினாலும் அடம்பிடிக்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக்கினால் போதும். தீயருகே காட்டிச் சூடாக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

அடுத்தது காற்று. ஸ்பிரிட் சுடருக்கு வேகம் கிடையாது. சின்னக் காற்றுக்கே சாய்ந்துவிடும். சுற்றிலும் தகடு இல்லாவிட்டால் எரிபொருள் இரட்டிப்பாகும். மழை? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அந்தப் பருவத்தில் எந்த அடுப்பும் உதவாது, வீட்டோடு இருப்பதே புத்திசாலித்தனம்.

உயரமும் ஒரு கணக்கு. 2,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, அரிசி இழுத்தடிக்கும். டீ, அவல், வறுத்த ரவை, சேமியா போன்றவைதான் இந்த அடுப்புக்கு ஏற்றவை. கொதித்ததும் பாத்திரத்தை மூடி, துண்டால் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் மீதி வேலையை அதன் சூடே முடித்துவிடும்.

எதை ஊற்றுவது?

உண்மையான சிக்கல் இங்கேதான். வெளிநாட்டு வீடியோக்களில் கடைக்குப் போய் ஸ்பிரிட் வாங்குவது சாதாரணமாகத் தெரியும். தமிழ்நாட்டில் அப்படியல்ல. மெத்திலேட்டட் ஸ்பிரிட், மெத்தனால் இரண்டும் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளவை. காரணம் நமக்குத் தெரியாததல்ல. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது!

மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லிகூடப் பார்வையைப் பறிக்கலாம். பார்க்கத் தண்ணீர், வாசனையோ சாராயம். அதனால் எந்த ஸ்பிரிட்டையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கவே கூடாது. தனி நிறப் பாட்டில், பெரிய எழுத்தில் `விஷம்', குழந்தைக்கு எட்டாத இடம். இந்த மூன்றும் கட்டாயம். யாராவது தவறிக் குடித்துவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கண் மங்குவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

சானிடைசரை ஊற்றலாமே என்பார்கள். அதில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும், சூடு போதாது. சுலபமாகக் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கிவிடும். சட்டப்படி நல்ல எரிபொருள் கிடைக்கும் என்று உறுதியான பிறகு அடுப்பு வாங்குவதே முறை. இல்லையென்றால் பணம் வீண்.

ரயிலில் எடுத்துப் போகலாமா?

கூடாது. ஸ்பிரிட், கேஸ் எதுவானாலும் பயணிகள் ரயிலில் தீப்பற்றும் பொருள் குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீ பரவி, லக்னோவிலிருந்து வந்த ஒன்பது பேர் கருகினார்கள். டீ போடும் ஆசைதான் வினையானது. விமானத்திலும் இதே தடைதான். மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வருகிறவர்கள் அடுப்பை மட்டும் கொண்டுவரலாம், எரிபொருளை அல்ல.

காட்டுக்குள் பற்றவைக்கலாமா?

இதற்கும் பதில் `கூடாது'தான். குந்தாவைச் சுற்றிலும் காப்புக்காடுகள். முக்குறுத்தி 1990 முதல் தேசியப் பூங்கா. காப்புக்காட்டில் தீ மூட்டுவதை 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே தடுக்கிறது. `சின்ன அடுப்புதானே, விறகு இல்லையே' என்ற வாதம் எடுபடாது.

உறைபனியில் கருகிய புல்வெளி, வெயில் ஏற ஏறப் பஞ்சாகக் காய்ந்துவிடும். ஸ்பிரிட்டின் நீலச் சுடரோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் ஊற்றிக் கை சுட்டுக்கொள்வது இப்படித்தான். கவிழ்ந்தால், எரியும் திரவம் புல்லுக்குள் ஓடும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது, காய்ந்த புல்லில் பரவிய தீதான். அது அடுப்பால் வந்த தீ என்று சொல்வதற்கில்லை. ஆனால் புல்லில் பிடித்த தீ மனிதனைவிட வேகமாக ஓடும் என்பதை அந்த மலை காட்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய `ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 வழித்தடங்கள் உண்டு. அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டாவுக்குப் போகும் வழியும் அதில் ஒன்று. பதிவுசெய்து வழிகாட்டியோடு நடந்து, அன்றே திரும்பும் பாதைகள் இவை. இதற்கு அடுப்பு எதற்கு? காலையில் நிரப்பிய ஒரு நல்ல ஃபிளாஸ்க் மதியம் வரை சூடாக டீ தரும்.

அப்படியானால் யாருக்கு எது?

* நீலகிரியில் ஒரு நாள் நடை: ஃபிளாஸ்க், அவல், வாழைப்பழம். அடுப்பு வேண்டவே வேண்டாம்.

* தங்குமிட முற்றம், உரிமையாளர் அனுமதித்த தனியார் இடம்: மூடி உள்ள பித்தளை அடுப்பு. புல் இல்லாத தரையில், கல்லின் மேல் வைக்க வேண்டும்.

* இமயமலை போன்ற நீண்ட பயணம், ஒரே ஆள்: அந்த வழியில் அடுப்பு அனுமதி உண்டா, எரிபொருள் அங்கேயே கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு டின் அல்லது பித்தளை.

* குழந்தைகளோடு, நாலைந்து பேராக: கேஸ். சுடரைக் குறைக்கலாம், நினைத்த நொடியில் அணைக்கலாம்.

எதை வாங்கினாலும் முதல் சோதனை வீட்டு மொட்டைமாடியில் நடக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர், அளந்த ஸ்பிரிட், கையில் கடிகாரம். பக்கத்தில் அடுப்பை முழுசாகக் கவிழ்த்து மூடும் அளவுக்கு ஒரு பாத்திரம். அணைப்பதற்கு ஊதக் கூடாது, மூட வேண்டும். சூடான அடுப்பில் திரும்ப ஊற்றக் கூடாது. கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. தீயைவிட, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு அங்கே பெரிய எமன்.

அம்மாக்களின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி அடுப்பைப் பற்றியதல்ல. அதில் ஊற்றுவதையும், அதைப் பற்றவைக்கும் இடத்தையும் பற்றியது. பிள்ளை பை கட்டும்போது `எத்தனை கிராம்?' என்று கேட்க வேண்டாம். `எதை ஊற்றப்போறே, எங்கே பத்தவைக்கப்போறே?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் அடுப்பு பையில் போகலாம். வராவிட்டால் ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்து அனுப்புங்கள்.