மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

அண்மையில் திம்புள்ளைப் பக்கம் போயிருந்தேன். அட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் வீதியில் பத்தனைச் சந்தியைத் தாண்டும்போது, முன்னெல்லாம் கண்கள் டெவன் நீர்வீழ்ச்சியைத் தேடும். இப்போது முதலில் தென்படுவது சந்தியில் வரிசை கட்டி நிற்கும் முச்சக்கர வண்டிகள்தாம். ஒவ்வொரு வண்டியின் பின்புறத்திலும் ஒரு கடவுள் படமோ, ஒரு நடிகரின் படமோ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் இளைஞனின் பெயர் இல்லை. ஏதோவொரு நிதிக் கம்பனியின் பெயர் இருக்கிறது.

நான் போனது ஒரு பழைய பள்ளித் தோழனின் வீட்டுக்கு. அவன் இப்போது இல்லை. மனைவி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம் என்பதால், அவரும் எடுத்துவிட்டார். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு, வங்கிப் புத்தகத்தில் ஒரே வரியாக இருந்தது. அந்த வரியை முற்பணமாகக் கொடுத்து மகன் புதிய ஆட்டோ எடுக்கப் போகிறான். கொழும்பில் உணவகமொன்றில் வேலை செய்து அலுத்துப் போய்த் திரும்பியவன்.

"மாமா, மாசம் இருபத்தாறாயிரத்து அறுநூத்துச் சொச்சந்தான் சொல்றாங்க. பன்னிரண்டு பர்சன்ட்தான் வட்டியாம். மத்த எடத்துல இருபதுன்றாங்க" என்றான். முகத்தில் பேரம் பேசி வென்றவனின் மகிழ்ச்சி.

எவ்வளவு கடன், எத்தனை மாதம் என்று கேட்டேன். 10 லட்சம், 60 மாதம். மொத்தம் எவ்வளவு கட்டுவாய் என்று கேட்டேன். அதை அவன் கணக்குப் பார்த்திருக்கவில்லை. கம்பனிக்காரரும் சொல்லவில்லை. தாயார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் வாசற்படியில் அமர்ந்துகொண்டார்.

கணக்கு கடினமானதல்ல. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். ஐந்து ஆண்டுக்கு 6 லட்சம். முதலும் வட்டியுமாக 16 லட்சத்தை 60 ஆல் வகுத்தால் 26,667 ரூபா. இதுதான் 'பிளாட் ரேட்'. இதில் உள்ள சூட்சுமம், மாதாமாதம் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழுப் பத்து லட்சமும் நம் கையில் இருப்பதாகவே வட்டி கணிக்கப்படுகிறது என்பதாகும். இருபது சொன்ன கம்பனி, மீதியாக உள்ள முதலுக்கு மட்டும் வட்டி கணிக்கும் 'ரிடியூசிங்' முறையைச் சொல்லியிருக்கிறது. அதே 10 லட்சம், அதே 60 மாதம், 20 சதவீதம். தவணை 26,494 ரூபா. மாதத்துக்கு 173 ரூபா குறைவு.

ஆக, பன்னிரண்டு சொன்னவரைவிட இருபது சொன்னவரே மலிவு! பன்னிரண்டு என்று சொல்லப்பட்டதன் உண்மையான வட்டி ஏறக்குறைய இருபதேகால் சதவீதம். இரண்டுமே சட்டவிரோதமல்ல, இரண்டுமே பொய்யுமல்ல. ஆனால் இரு வேறு அளவுகோல்களைக் கையில் கொடுத்து ஒப்பிடச் சொல்வது நேர்மையான வியாபாரமா என்பதே என் கேள்வி.

அந்தப் பையன் கேட்காத இன்னொரு கேள்வி இருந்தது. இரண்டு ஆண்டுகளில் கையில் பணம் புரண்டு கடனை முடிக்க நினைத்தால் என்ன நடக்கும்? 24 தவணைகளில் 6 லட்சத்து 40 ஆயிரம் கட்டியிருப்பான். உண்மையான வட்டியின்படி கணித்தால் அப்போதும் முதலில் ஏறத்தாழ 7 லட்சத்து 15 ஆயிரம் மீதமிருக்கும். கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். அதன் மேல், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் என்று ஒப்பந்தத்தின் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். இதைக் கையெழுத்திடுவதற்கு முன்பு கேட்பவர் எத்தனை பேர்?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. ரொறொன்ரோவிலோ நியூ ஜேர்சியிலோ 'லீஸ்' என்றால், மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் காரைத் திருப்பிக் கொடுப்பது. அங்கே பேரம் காரின் விலை, கடைசியில் அதற்கு மிஞ்சும் பெறுமதி, எத்தனை மைல் ஓடலாம் என்பன பற்றியது. இங்கே 'லீசிங்' என்பது உண்மையில் தவணைக் கொள்வனவுதான். கடைசித் தவணை கட்டும்வரை வண்டி கம்பனியினுடையது. அதன் பிறகு நம்முடையது. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் வந்த பிறகு இந்தத் தொழில் பெருவளர்ச்சி கண்டது. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. ஆனால் பொறி ஒன்றுதான். உலகெங்கும் விற்பனையாளர் கேட்கும் முதற்கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டக்கூடியதாக இருக்கும்?" என்பதே. அதற்கு நீங்கள் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அந்தத் தொகைக்குப் பொருந்தும்படி ஆண்டுகளை நீட்டிக் கொடுப்பது அவருக்கு ஒரு நிமிட வேலை. இதை உணர்ந்துதான் அமெரிக்காவில் 1968 இலேயே கடனின் உண்மையான ஆண்டு வட்டியை எழுத்தில் காட்ட வேண்டுமெனச் சட்டம் செய்தார்கள்.

மலையகத்தில் இந்தப் பேரம் இன்னும் சமனற்றது. ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். காட்டிய இடத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டு பிணையாளர்கள் தேவை. அவர்கள் பெரும்பாலும் பக்கத்து லயத்து உறவினர்கள். இவன் தவறினால் அவர்களுடைய பெயரும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில் கறுப்பாகும், அவர்கள் நாளை ஓர் அடகுக்குக்கூட அலைய வேண்டி வரும். வண்டிக்குக் காப்புறுதியைக் கம்பனி சொல்லும் இடத்திலேயே எடுக்க வேண்டும் என்பார்கள். ஆவணச் செலவு, மதிப்பீட்டுச் செலவு, முத்திரை வரி என்று முற்பணத்தோடு சேர்த்து வாங்குவார்கள். இவற்றில் அரசின் வரியைத் தவிர மற்ற எல்லாம் பேசிக் குறைக்கக்கூடியவை என்பதை யாரும் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை.

வண்டி பறிபோகும் கதைகளை நான் விரிவாக எழுதப் போவதில்லை. மூன்று தவணை தவறியதும் 'சீஸ்' செய்ய வருகிறவர்களைப் பற்றி அந்தப் பகுதியில் எந்த ஆட்டோத் தரிப்பிடத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

நாட்டின் கதையும் இதில் கலந்திருக்கிறது. முச்சக்கர வண்டிகள் மிகுந்துவிட்டன என்று 2017 ஜனவரியில் மத்திய வங்கி, புதிய வண்டியின் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாதெனக் கட்டுப்படுத்தியது. வரம்புகள் பின்னர் பல முறை மாறின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. ஓடிய பழைய வண்டி புதிய வண்டியின் விலையைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த ஆண்டில் ஆட்டோ ஓடவில்லை, தவணை மட்டும் ஓடியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி பரவலாகத் திறந்துவிடப்பட்டதும், காட்சியறைகளில் பளபளக்கும் வண்டிகளும் நகரச் சுவர்களில் லீசிங் விளம்பரங்களும் திரும்பி வந்துவிட்டன.

திம்புள்ளைக்குக் கடன் புதிதல்ல. தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்த பெரிய கங்காணி, வழிச்செலவுக்கென்று கொடுத்த முற்பணத்தைப் பற்றில் எழுதி வைத்தான். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கங்காணிக்குக் கீழிருந்தவர்களின் கடனை இன்னொரு துரை செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாக எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தக் காகிதத்தில் மனிதர்களுக்குத் தொகை போட்டிருந்தது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு திருப்பினோம் என்று வாங்கியவருக்குத் தெரியாது. துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். லீசிங்கும் துண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. துண்டு கட்டிப் போட்டது. ஆட்டோ தோட்டத்தை விட்டு வெளியே போவதற்கான வழி. இந்த இளைஞர்கள் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கைகட்டி நிற்காமல் பிழைக்க நினைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கடன்பட்டவனுக்குத் தன் கடனின் முழுத் தொகை தெரியாத நிலை மட்டும் நூறாண்டு கடந்தும் அப்படியே இருக்கிறது.

நமது தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் போராடுகின்றன. போராடட்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், பையனின் மாதத் தவணை 20 நாள் கொழுந்து. சம்பளத்தில் வென்றெடுத்தது எந்த வாசலால் வெளியேறுகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலையல்லவா? அட்டன் அலுவலகத்தில் ஒரு பிள்ளையைக் கணக்குப் பொறியோடு உட்காரவைத்து, ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம் என்று ஏன் ஒரு சங்கமும் அறிவிக்கவில்லை? பத்திரிகைகளும் தப்பிக்க முடியாது. முழுப்பக்க லீசிங் விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பிளாட் ரேட்டைப் பற்றி எழுத எந்த ஆசிரியபீடமும் விரும்புவதில்லை. நானும் அந்த நாற்காலிகளில் இருந்தவன்தான், நானும் எழுதவில்லை.

2023 இல் மத்திய வங்கி நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் தகவல் பெறும் உரிமை அதில் பேசப்படுகிறது. முறையிட 1935 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. காகிதத்தில் குறையில்லை.

மறுநாள் பையனையும் அழைத்துக்கொண்டு அட்டனுக்குப் போனேன். ஒரே தாளில் மூன்று கம்பனிகளுக்கும் ஒரே கேள்விகளை எழுதிக்கொண்டோம். கடன் எவ்வளவு, தவணை எத்தனை, எல்லாச் செலவும் சேர்த்து என் கையிலிருந்து மொத்தம் போவது எவ்வளவு, இரண்டாம் ஆண்டில் முடித்தால் எவ்வளவு, ஒரு தவணை பிந்தினால் நாளொன்றுக்கு எவ்வளவு? மாதம் எவ்வளவு கட்டலாம் என்று அவர்கள் கேட்டதற்கு, "அது அப்புறம் சொல்றேன்" என்று பதில் சொல்லப் பழக்கியிருந்தேன். முதல் இடத்தில் முகம் சுளித்தார்கள். மற்றொரு கம்பனியின் தாளைக் காட்டியதும் இரண்டாவது இடத்தில் ஆவணச் செலவைத் தள்ளுபடி செய்தார்கள். காப்புறுதியை வெளியில் எடுக்கவும் சம்மதித்தார்கள். மூன்றாவது இடத்தில் நான்கு ஆண்டுக்கு ஒரு கணக்கைக் கேட்டோம். 22 சதவீதம், ரிடியூசிங், தவணை 31,506. மொத்தம் 15 லட்சத்து 12 ஆயிரம். வட்டி வீதம் கூடியிருந்தும், ஓராண்டு குறைந்ததால் 16 லட்சத்தைவிட 88 ஆயிரம் குறைவு. பையன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதம் 5,000 ரூபா கூடுதலாக உழைக்க முடியுமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் திம்புள்ளையில் சவாரி எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். முடியாது என்று சொல்லி, இரண்டாவது கம்பனியில் ஐந்தாண்டுக்கே எடுத்தான். அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். தாயாரின் பணத்தில் ஒரு சிறு பகுதி வங்கிப் புத்தகத்திலேயே தங்கியது.

ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி வேண்டுமென்று கேட்டோம். கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். முதல் தவணை கட்டியாயிற்று. பிரதி இன்னும் வரவில்லை. மத்திய வங்கிக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதித் தரும்படி பையன் நேற்று தொலைபேசியில் கேட்டான். எழுதிக்கொண்டிருக்கிறேன்.