பொன்னாடைக்கு மட்டும் நேரமிருக்கிறது

பாளையங்கோட்டையில் இந்த வாரம் ஒரு நூல் வெளியீடு. அழைப்பிதழில் இருந்த பேச்சாளர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஆளுக்கொரு பொன்னாடை. போர்த்துவது, போட்டோவுக்குச் சிரிப்பது, படம் சரியாக விழவில்லை என்று மறுபடி போர்த்துவது! கடைசி வரிசையில் ஒரு கல்லூரி மாணவி கேள்வி கேட்கக் கை தூக்கினார். "நேரமாயிட்டும்மா, உக்காரு" என்றார் தொகுப்பாளர். உடனே நாட்டுப்பண்.

புத்தகம் கிடக்கட்டும், கேள்விக்கு வருவோம். இதே ஊரில், வண்ணார்பேட்டையில்தான் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சந்திப்பு கூடியது. அவர் வீட்டில் வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டு. பெயர் அதனால் வந்தது. நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் சீனிவாசராகவன் போன்றவர்கள் சுற்றி உட்கார, கம்பன் பாட்டு ஒன்றை எடுத்து டி.கே.சி. நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார். ரசனையில் தேறாத பாட்டுகளைக் கம்பனுடையவை அல்ல என்று தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். தமிழறிஞர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான். காதுக்கு இனிக்கவில்லை என்று ஏட்டில் இருப்பதை அடித்துவிடலாமா? ஆனால் ஏன் தள்ளினார் என்று காரணம் சொன்னார். காரணம் சொன்னதால்தான் மறுக்க முடிந்தது.

அதற்காக வட்டத்தொட்டியை ரொம்பவும் மெச்ச வேண்டாம். அதைப் பற்றிய நினைவுகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், அதிகாரிகள், பேராசிரியர்கள். விருந்துக்கு அழைத்தவர்களுக்குள் வாதம் கசக்காது. அழைக்கப்படாதவர்கள் கேட்க வந்தால்?

வண்ணார்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், கைதானவர்களை விடச் சொல்லியும் மனு கொடுக்க அங்கே ஊர்வலம் வந்தது. போலீஸ் மறித்தது, தடியால் அடித்தது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. கம்பன் பாட்டை மறுக்க இடமிருந்த ஊரில் கூலியைப் பற்றிப் பேச இடமில்லை. யாருடைய கேள்விக்கு இடம் உண்டு, யாருடையதற்கு இல்லை என்பதை மேடைக்கு அடுத்தபடி தீர்மானிப்பது தடிதான்.

2024இல் மாஞ்சோலைத் தோட்டக் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னது. டி.கே.சி. பெயரில் விழா எடுக்கிற நெல்லை அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஜூலை 23 அன்று ஒரு கூட்டம் போடுங்கள். மாஞ்சோலைக்காரர்கள் முதலில் பேசட்டும், கேள்விகளும் அவர்களே கேட்கட்டும். தயவுசெய்து பொன்னாடை வாங்காதீர்கள்.