வேலின் முனை மழுங்கலாமா?

"டம்ளர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று நான் சொன்னபோது, "வீட்டில் இருக்கிற டம்ளர் போதாதாடா?" என்று கேட்டார் அம்மா. அவர் கேட்டதில் தவறில்லை. தமிழர் வீட்டில் டம்ளர் என்றால் தேநீர் குடிக்கும் பாத்திரம்தான். நான் சொன்னதோ சிறு உலோகப் பொருள்களை உள்ளே போட்டு, உருட்டியும் குலுக்கியும் மெருகேற்றும் இயந்திரம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இக்கட்டுரையில் அதை 'மெருகுக்கலன்' என்றே அழைக்கிறேன். சுழன்று உருள்வதைச் 'சுழல்கலன்' என்றும், அதிர்ந்து குலுங்குவதை 'அதிர்கலன்' என்றும், காந்த விசையால் இயங்குவதைக் 'காந்தக்கலன்' என்றும் சொல்லலாம். இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் வாசகர்களுக்குத் தோன்றினால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

மொழிக் கழக ஆண்டிதழில் இயந்திரத்தைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. படித்துக்கொண்டே கைத்தொழில் செய்து கொஞ்சம் வருமானம் பார்க்க விரும்பும் நம் மாணவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். காவடிப் பொருள்கள், சலங்கை, கொலுசு, கைவினை நகை என்று அவர்கள் தொடங்கும் தொழில்களில் மெருகேற்றும் வேலை கட்டாயம் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டத் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. நான் செய்த தவற்றை அவர்களும் செய்ய வேண்டாம்.

எங்கள் வீடு தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிறது. பெரியப்பா, வேலை ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு முன்புறத்தில் அமர்ந்து பித்தளைத் தகட்டில் சின்னச் சின்ன வேல்கள் செய்துவந்தார். காவடியில் தொங்கவிடும் வேல்கள் அவை. விரல் நீளம் கூட இருக்காது. நடுவில் மூன்று திருநீற்றுக் கோடுகள் கீறியிருப்பார். தகட்டை வெட்டுவார், அரத்தால் பிசிறு நீக்குவார், உப்புத்தாளால் தேய்ப்பார், கடைசியில் துணியால் மெருகேற்றுவார். மெருகேற்றும் வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். தைப்பூசம் நெருங்க நெருங்க அவருடைய விரல் நுனிகள் வெடித்துப் புண்ணாகிவிடும்.

அந்த விரல்களைப் பார்த்துத்தான் எனக்கு இயந்திர ஆசை வந்தது. அப்போது நான் இறுதியாண்டு மாணவன்.

எங்கள் ஊரில் தடையற்ற வாணிப மண்டலம் இருப்பதைப் பலர் அறிவீர்கள். 1971ஆம் ஆண்டுத் தடையற்ற வாணிப மண்டலச் சட்டத்துக்குப் பிறகு சிலாங்கூரில் சுங்கைவே, உலுகிள்ளான் போன்ற இடங்களில் உருவான மண்டலங்களின் வரிசையில் எங்கள் ஊரும் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார். அப்படி வேலை பார்த்த ஒருவர், தம் தொழிற்சாலையில் பெரிய அதிர்கலன் இருப்பதாகவும், ஆயிரக்கணக்கான உலோகத் துண்டுகள் ஒரே நேரத்தில் பிசிறின்றி வெளிவருவதாகவும் சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சேர்த்துவைத்த பணத்தில் ஓர் அதிர்கலனையும், அதற்கேற்ற முக்கோணப் பீங்கான் கற்களையும் வாங்கினேன்.

பெரியப்பா நூறு வேல்கள் முடித்துவைத்திருந்தார். அவருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி தர நினைத்து, இரவு அனைத்தையும் கலனில் கொட்டி இயந்திரத்தை முடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தபோது நூறு வேல்களும் ஒரே சீராக இருந்தன. முனைகள் அனைத்தும் மழுங்கியிருந்தன. திருநீற்றுக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. பளபளப்பும் இல்லை, சாம்பல் பூத்தது போல் மங்கிக் கிடந்தன.

பெரியப்பா ஒன்றைக் கையிலெடுத்து, கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார். "வேல்னா முனை வேணும்ப்பா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த ஆண்டு அவர் இரவும் பகலும் உட்கார்ந்து புதிதாக நூறு வேல்கள் செய்துகொடுத்தார்.

தவறு எங்கே நடந்தது? இயந்திரத்தில் குறையில்லை. தொழிற்சாலைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. மெருகேற்றுதல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பது எனக்குத் தெரியவில்லை. அதுதான் தவறு.

முதலாவது, தேய்த்து நீக்கும் வேலை. பீங்கான் கற்களுக்குள் அரைக்கும் துகள்கள் கலந்திருக்கும். அவை உலோகத்தைச் சிறிது சிறிதாக அரைத்து எடுக்கும். எங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கே முதலில் தேயும். பிசிறுக்கும் வேல்முனைக்கும் அந்தக் கல்லுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டாவது, அழுத்திப் பளபளப்பாக்கும் வேலை. வழவழப்பான எஃகு மணிகள் உலோகத்தின் மேல் உருண்டு, அதை அழுத்திச் சமன்படுத்துகின்றன. இதில் உலோகம் ஏறக்குறைய குறைவதே இல்லை. ஆனால், ஆழமான கீறல் இருந்தால் அதையும் இது நீக்காது; கீறலும் சேர்ந்து பளபளக்கும்!

ஆகவே மெருகுக்கலன் வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த இயந்திரம் நல்லது?' என்பதன்று. 'என் பொருளுக்கு எந்த வேலை தேவை?' என்பதே. பெரியப்பாவின் வேல்களில் தேய்க்கும் வேலையை அரமும் உப்புத்தாளும் முன்னமே முடித்துவிட்டன. அவற்றுக்குத் தேவைப்பட்டது அழுத்தும் வேலை மட்டுமே. நானோ தேய்க்கும் இயந்திரத்தை வாங்கிவந்தேன்.

இப்போது மூன்று வகைகளையும் பார்ப்போம்.

சுழல்கலன், இரண்டு உருளைகளின் மேல் படுத்துச் சுற்றும் பீப்பாய். உள்ளிருப்பவை மேலேறி, சரிந்து, மீண்டும் மேலேறும். அந்தச் சரிவில்தான் மெருகேறுகிறது. வேகமாகச் சுற்றினால் விரைவில் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. வேகம் மிகுந்தால் எல்லாம் பீப்பாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும்; சரிவே இருக்காது. எஃகு மணியும் பொருளும் சேர்ந்து பாதிக் கலன் வரை இருக்கலாம். அவை மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். முன்பே நன்றாகத் தேய்த்து முடித்த பித்தளையும் வெள்ளியும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் மின்னத் தொடங்கும்.

அதிர்கலன், திறந்த கிண்ணம் போன்றது. அடியிலுள்ள விசைப்பொறி அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். நடுவில் எடுத்துப் பார்க்கும் வசதி உண்டு. பிசிறு நீக்கவும், ஒரே மாதிரியான பல பொருள்களைச் செய்யவும் ஏற்றது. வால்நட் ஓட்டுத்தூளையோ சோளத்தக்கைத் தூளையோ போட்டு, தண்ணீரில்லாமலும் ஓட்டலாம். ஆனால், அப்போது உலோகத்துகள் கலந்த தூசி பறக்கும். முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்துத்தான் கொட்ட வேண்டும். சிறிய அதிர்கலன்கள் பலவற்றால் எஃகு மணியின் எடையைத் தாங்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காந்தக்கலனில், அடியில் சுழலும் காந்தங்கள் மெல்லிய எஃகு ஊசிகளைத் துள்ள வைக்கும். நுண்ணிய வேலைப்பாட்டின் இடுக்குகளுக்குள்ளும் ஊசி நுழைந்து, அரைமணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். இரும்புப் பொருள்களுக்கு இது உதவாது. காந்தம் அவற்றையும் இழுக்கும். அகன்ற, தட்டையான பரப்பில் கண்ணாடி போன்ற பளபளப்பை எதிர்பார்க்கவும் முடியாது. விலையும் அதிகம். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இருக்கும் வீட்டில் இதை வைக்காமலிருப்பதே நல்லது.

வீட்டில் தொழில் தொடங்கும் மாணவருக்கு என் பரிந்துரை, சிறிய சுழல்கலனும் துருப்பிடிக்காத எஃகு மணிகளும்தான். இதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, வீட்டுத் தொழில் வேறு, தொழிற்சாலை வேறு. அங்கே ஒரே அளவுள்ள பத்தாயிரம் துண்டுகள். இங்கே பத்து வேல், நான்கு மணி, ஒரு ஜோடிக் கொலுசு. பெரிய கலனை இந்தச் சிறு அளவுக்காக நிரப்ப முடியாது.

இரண்டாவது, சத்தம். தாமான் வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். ரப்பர் பீப்பாய் கொண்ட சுழல்கலன் எழுப்பும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். என் அதிர்கலன் ஓடிய அந்த ஒரே இரவுக்காக, பக்கத்து வீட்டு ஆன்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, செலவு. 60 வாட் விசைப்பொறி நான்கு மணி நேரம் ஓடினாலும் மின்சாரம் கால் யூனிட்டைத் தாண்டாது. மணிகள் தேய்வதும் இல்லை; கழுவி, உலர்த்தி வைத்தால் பல ஆண்டுகள் வரும். மலிவாக விற்கும் சாதாரண எஃகு மணிகளை வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவை துருப்பிடித்து, அந்தத் துருவையே பொருளின் மேல் பூசிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. '3 பவுண்டு கலன்' என்றால் ஏறக்குறைய 1.36 கிலோ. அது பொருளின் எடை மட்டுமன்று. மணி, தண்ணீர், பொருள் எல்லாம் சேர்ந்த எடை. எஃகு மணிகளே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து வரவழைப்போர் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் பல விசைப்பொறிகள் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். மணிகளின் அளவையும் பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சலங்கையின் வாய்க்குள் நுழைந்து சிக்கும் அளவுள்ள மணியை வாங்கிவிட்டால், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

நம் பாட்டிமார் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினார்கள். புளியிலுள்ள அமிலம் கறையை நீக்கும். அதைக் கலனுக்கு வெளியே, கையாலேயே செய்துவிடுங்கள். அமிலம் மிகுந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பு போலச் சிவந்துவிடும். மூடிய கலனுக்குள் அமிலமும் சோடா மாவும் சேர்ந்தால் வாயு உண்டாகி மூடி தெறிக்கும் ஆபத்தும் உண்டு. கழுவிய தண்ணீரையும் அப்படியே கால்வாயில் ஊற்றாதீர்கள். அதில் செம்பு கலந்திருக்கும். செம்பு மீன்களுக்கு நஞ்சு. வாளியில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அடியில் தங்கும் கசடைத் தனியே எடுத்து வைப்பதே முறை.

எதைக் கலனில் போடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முத்துப் பதித்த நகை, முலாம் பூசிய பொருள் இவற்றைப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடலில் குத்தும் அலகையும் முள்ளையும் எங்கள் வீட்டில் எந்தக் கலனிலும் போடுவதில்லை. முனை சிறிது மழுங்கினாலும் வலி பக்தருக்கு. இடுக்கில் ஒரு துகள் தங்கினாலும் அது அவருடைய உடம்புக்குள்தான் போகும். அவற்றைப் பெரியப்பா இன்றும் தம் கையாலேயே தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

இயந்திரம் வந்தால் கைத்தொழில் அழிந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பெரியப்பா சிறுவயதில், தோட்டத்தில், பித்தளை மணிகளைக் கோணிச் சாக்கில் உமியோடு போட்டுக் கட்டி, இருவர் இரு பக்கமும் பிடித்துக் குலுக்குவார்களாம். அதுவும் மெருகுக்கலன்தானே! நான் வாங்கிய கலனைக் கண்டதும் அவர் முதலில் சொன்னதும் அந்தக் கதைதான். பெரிய இயந்திரம் வாங்கினால்தான் தொழில் வளரும் என்று சொல்வோரும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. கலன் கடைசி வேலையை மட்டுமே செய்யும். அதற்கு முன்னுள்ள வெட்டும், அரமும், உப்புத்தாளும் கைவராதவருக்கு எந்தக் கலனும் உதவாது.

அதிர்கலனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுச் சிறிய சுழல்கலன் ஒன்றை வாங்கினேன். பெரியப்பா முதலில் நம்பவில்லை. ஒரே ஒரு வேலைக் கொடுத்து, "இதைப் போட்டுக் காட்டு" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் கொடுத்தேன். பளபளப்பை அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரலை முனையில் வைத்தார். பிறகுதான் உள்ளே போய், மீதி வேல்களை எடுத்துவந்தார்.

நண்பர்களே, நீங்களும் வாங்குவதாக இருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன் உங்கள் பொருள் ஒன்றைக் கையிலெடுங்கள். அதில் எது தேய வேண்டும், எது தேயவே கூடாது என்று உங்கள் வீட்டில் அந்த வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். இயந்திரக் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.