குறைந்த உயரத்துக்கு வயது மட்டுமா காரணம்?

மூத்தோர் தடகளத்தின் கோலூன்றித் தாண்டுதல் சாதனைப் பட்டியலில், வயது ஏற ஏற உயரம் இறங்கிக்கொண்டே போகும். பார்ப்பவர்கள் "வயதானால் இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். ஆண்கள் பட்டியலுக்கு அது பெருமளவு பொருந்தும். ஓடிவரும் வேகத்தைக் கோல் வளைந்து வாங்கிக்கொண்டு, நிமிரும்போது உயரமாகத் திருப்பித் தருகிறது. அந்த உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே வேகத்தால் கிடைக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அப்படியிருந்தும் அமெரிக்காவின் ஜெஃப் ஹார்ட்விக் 40 வயதில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தார்.

பெண்கள் பட்டியலை இதே கண்ணோடு படிப்பது அநியாயம். ஆண்களுக்கு 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்த இந்தப் போட்டி, பெண்களுக்கு 2000இல் சிட்னியில்தான் கிடைத்தது. நூற்று நான்கு ஆண்டுகள்! 1934இல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி ஃப்ளோ மெய்லர் இந்த விளையாட்டைத் தொடங்கியது 65 வயதில். 80 வயதைக் கடந்தோர் பிரிவில் உலக சாதனையும் படைத்தார். கோலைச் சுமந்து ஓடுவது, கடைசி அடி பிசகாமல் அதன் முனையைக் குழிப்பெட்டியில் ஊன்றுவது, தலை கீழாகக் கால்களை மேலே வீசுவது, குறுக்குக்கம்பியின் மேல் உடலைத் திருப்பிக் கோலை விடுவது என, பையன்கள் பள்ளி வயதில் பழகுவதையெல்லாம் அவர் ஓய்வுபெறும் வயதில் பழகினார். அவருக்கும் அதே வயது ஆணுக்கும் உள்ள வித்தியாசத்தை உடலின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியுமா?

ஓரிருவர் மட்டுமே இறங்கும் பிரிவில் சாதனைக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்கள். போட்டியாளர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கதவு அத்தனை காலம் மூடிக்கிடந்ததற்கு அந்தக் குறைவே சாட்சி. அதோடு, எதிராளி இல்லை என்பதற்காகக் கம்பி தாழ்ந்து கொடுப்பதில்லை. எலும்பு முறியும் ஆபத்து பற்றிய கவலையும் நியாயமானதே. அதற்குத்தான் பழைய மணல்குழி போய்த் தடித்த நுரைமெத்தை வந்திருக்கிறது. பயிற்சியாளரும் மருத்துவரும் இல்லாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது.

2000இல், 15 வயதில் கோல் பிடித்த சிறுமிகள் இப்போதுதான் நாற்பதைக் கடந்திருக்கிறார்கள். அவர்கள் 65ஐத் தொடுவது 2050இல். முதுமை ஒரு பெண்ணின் உயரத்தை எவ்வளவு குறைக்கும் என்பதை அதற்குமுன் எந்தப் பட்டியலும் சொல்லிவிட முடியாது.