பிதிரார்ஜித வீடும் பங்காளிகளின் கடமையும்

காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் செல்வோர், சித்திர வேலைப்பாடமைந்த நிலைகளும் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும் விலைக்கு நிற்பதைக் காண்பார்கள். வாங்க வருவோர் அவற்றின் அழகை மெச்சுகிறார்கள். அவை எந்த வீட்டைத் தாங்கி நின்றவை என்று விசாரிப்போர் மிகச் சிலரே. தூண் கடைக்கு வருமுன் வீடு தரைமட்டமாகியிருக்க வேண்டுமென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் எழுப்பிய வீடுகள் வெறும் செல்வக் காட்சி அல்ல. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக நீண்டு கிடக்கும் அவ்வீட்டின் நடுவே வளவு இருக்கிறது. அதைச் சுற்றி மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் தனி அறை உண்டு. அவன் குடும்பம் தனிப் புள்ளியாகக் கணக்கிடப்படும். வளவோ எல்லோருக்கும் பொது. தனி உரிமையையும் கூட்டு வாழ்வையும் ஒருங்கே காத்த ஒரு குடும்ப சாசனம் அங்கே செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

இவை லேவாதேவிக்காரரின் ஆடம்பரச் சின்னங்கள், அழிந்தாலென்ன என்று தேச ஊழியர் சிலர் கேட்கக்கூடும். 1927-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக்கு விஜயம் செய்த காந்தியடிகள், அம்மாளிகைகளில் அந்நியச் சாமான்கள் நிரம்பியிருப்பதைக் கண்டித்தது உண்மையே. அக்கண்டனத்தை நாமும் மனமார ஏற்கிறோம். ஆனால் கண்டிக்கப்பட்டது சாமான்களேயன்றிச் சுவர்கள் அல்ல. பளிங்கு போன்ற அந்தச் சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மீது கையால் வார்த்தெடுக்கும் தரைக்கல்லும், கூரையின் மழைநீரை முற்றத்துக்கு இறக்கும் அமைப்பும் நம்முடைய கொத்தனாரும் தச்சரும் கண்ட வித்தைகள். ஸ்வதேசியம் என்று நாம் பேசுவது இதையன்றி வேறெதனை?

அவ்வீடுகளைப் பராமரித்த வருமானம் கடல் கடந்து வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. 1963-இல் அந்நாட்டு ராணுவ சர்க்கார் பாங்குகளைத் தேசவுடைமையாக்கியது. வருமானத்தின் வேர் அறுந்தது. பேரப்பிள்ளைகள் பட்டணங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றார்கள். ஒரு பாட்டனார் கட்டிய வீட்டுக்கு இன்று பத்துப் பேரும் ஐம்பது பேரும் பாத்தியதை கொண்டாடுகிறார்கள். எல்லோருக்கும் சொந்தமான வீட்டில் ஒழுகும் ஓட்டை மாற்ற ஒருவரும் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1893-ஆம் வருஷத்துப் பாகப் பிரிவினைச் சட்டம், குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அந்நியன் பிரிவினை கோரினால், அப்பங்கை மதிப்பு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் குடும்பத்தாருக்கு அளிக்கிறது. அதே சட்டம், கூறுபோட வசதியில்லாத சொத்தைப் பாதிக்குக் குறையாத பங்குள்ளோர் வேண்டினால் விற்றுப் பணத்தைப் பங்கிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்நியனிடமிருந்து குடும்பத்தைக் காக்கச் சட்டமுண்டு. குடும்பத்தாரிடமிருந்து வீட்டைக் காக்க அச்சட்டத்தில் வழியில்லை. பங்காளிகள் அனைவரும் ஒருமனதாக இடிக்கத் துணிந்தால் தடுக்க யாருக்கு அதிகாரம்?

2014-இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் ஒரு தூணும் நிமிர்ந்து நிற்காது. ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளையெல்லாம் சர்க்கார் கையகப்படுத்த வேண்டுமென்றும் நாம் கோரவில்லை. வீட்டைக் காக்கும் குடும்பங்களுக்கு வீட்டு வரியில் சலுகை அளிக்கட்டும். பழுதுபார்க்கக் கடன் கொடுக்கட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார்களிடம் இளைஞர்கள் தொழில் பயில உபகாரச் சம்பளம் ஏற்படுத்தட்டும்.

ஆயினும் முதற்கடமை பங்காளிகளுடையது. வீட்டை இடிப்பதில்லை, பங்கை விற்க நேர்ந்தால் முதலில் பங்காளிக்கே சொல்வது, புள்ளிக்கு இவ்வளவு என்று வருஷந்தோறும் பராமரிப்புக்கு வரி கொடுப்பது என மூன்று ஷரத்துக்கள் கொண்ட ஓர் உடன்படிக்கையை ஒவ்வொரு குடும்பமும் எழுதிக்கொள்ளட்டும். கோயில் காரியத்துக்குப் புள்ளிவரி கொடுத்துப் பழகிய சமூகத்தாருக்கு இது புதிதன்று. வக்கீலின் உதவி வேண்டியது ஒரு நாளைக்குத்தான். பங்காளிகளின் மனம் ஒன்றுபடுவதே அரிது.

வெளிநாட்டிலுள்ள பங்காளிகள் கல்யாணத்துக்கென்று ஒருநாள் அந்த வளவில் கூடத்தான் போகிறார்கள். தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு எழுமுன் அங்கேயே அமர்ந்து அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடட்டும். அடுத்த தலைமுறையின் கல்யாணத்துக்கு அந்த வளவு இருக்குமா இருக்காதா என்பது அக்கையெழுத்தைப் பொறுத்தது.