ஜாதிப் பேரவையும் அதன் வாலிபத் தலைவரும்

சென்ற வாரம் கிணத்துக்கடவில் நமது இயக்கத் தோழர் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தோம். புரோகிதரும் இல்லை, புகையும் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு ஜாதி. 1967-ல் சென்னைச் சட்டசபை செல்லும் என்று ஒப்புக் கொண்ட சுயமரியாதை முறைப்படி மாலை மாற்றிக் கொண்டார்கள். பெண்ணைப் பெற்ற தாயார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தகப்பனார் மாத்திரம் எதிரே இருந்த பேக்கரியில் டீக் கிளாசை வைத்துக்கொண்டு, மண்டபத்து வாசலையே பார்த்தபடி இருந்தார். மகள் மேல் அவருக்குக் கோபம் இல்லையாம். "சங்கத்துக்காரனுக நாளைக்கு வூட்டு முன்னால வந்து நின்னா யாருங்க பதில் சொல்றது?" என்பதுதான் அவருடைய பயமாம்.

திரும்பி வருகையில், பஸ்ஸுக்காகக் கடைவீதியில் நின்றபோது, ஒரு மோட்டார் சைக்கிளின் முகப்பில் ஒருவருடைய படம் ஒட்டியிருக்கக் கண்டோம். யாரோ சினிமாக்காரர் என்று எண்ணி, வண்டிக்குச் சொந்தக்காரரான வாலிபரை, "தம்பி, இது யாருங்க?" என்று கேட்டோம்.

"ஏனுங்ண்ணா, யுவராஜ் அண்ணனைத் தெரியாதுங்களா? நம்ம இனத்துக்காக ஜெயில்ல இருக்காருங்க" என்றார்.

"இனத்துக்காக என்ன செய்தார்?" என்றோம்.

"நம்ம பொண்ணுகளைக் காப்பாத்துனாருங்க. மத்ததெல்லாம் பொய்க் கேசுங்க" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அந்த வாலிபரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல பிள்ளை, நம்முடைய மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தவரும் அவரேதான். அவர் அண்ணன் என்று கொண்டாடுகிறவருடைய பொதுவாழ்வு எத்தகையது என்பதை அவருக்கு ஒருவரும் முறையாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் ஓட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, நாமாவது சொல்லி வைப்போம் என்றே இத்தலையங்கத்தை எழுதுகின்றோம்.

சங்ககிரிப் பக்கத்தைச் சேர்ந்த திரு. யுவராஜ், "தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை" என்ற ஒன்றை ஏற்படுத்தி அதற்குத் தலைவரானவர். இவர் ஆகாயத்திலிருந்து குதித்தவரல்ல. 2009 பார்லிமெண்டுத் தேர்தலில் கொங்கு மண்டலத்தில் ஜாதிப் பேரால் ஒரு கட்சி நின்று, பெரிய கட்சிகளையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தது. தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கூச்சலும் அதோடு கிளம்பிற்று. பிறகு 2012-ல் தர்மபுரிப் பக்கம், ஒரு ஜாதிமறுப்புக் கலியாணத்தைச் சாக்காக வைத்து நத்தம் முதலிய காலனிகளைக் கொளுத்தினார்கள். "நாடகக் காதல்" என்றொரு வார்த்தை அப்போது நாடெங்கும் பரவிற்று. ஒரு பெண் தன் புத்தியைக் கொண்டு தனக்குத் துணை தேடினாள் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களுக்கு இந்த வார்த்தை மிகவும் வசதியாகப் போய்விட்டது. பயிரிட்டவர்கள் வேறு பேர். இவர் அந்த வயலில் விளைந்தவர்.

2015-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி, ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர், இஞ்சினீரிங் படித்து முடித்தவர், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக் கோயிலில் தம்மோடு படித்த ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கவுண்டர் வகுப்பு. ஒரு கூட்டம் வந்து பெயரும் ஜாதியும் விசாரித்து, பெண்ணை அனுப்பிவிட்டு, பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிற்று. மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகே ரயில் தண்டவாளத்தில், தலை வேறு உடல் வேறாக அவர் பிணம் கிடந்தது. தற்கொலை என்று காட்டுவதற்காக அவர் கையாலேயே கடிதம் எழுதி வாங்கினார்கள் என்பதும், அவரைப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள் என்பதும் வழக்கு. இதுதான் அந்தத் தம்பி சொன்ன "காப்பாற்றிய" காரியம்.

பிறகு நடந்தது இன்னும் கேவலம். போலீஸ் தேடிய தலைவர் நூறு நாளுக்கு மேல் அகப்படவில்லை. ஆனால் அவர் குரல் மாத்திரம் வாரந்தோறும் வாட்ஸப் வழியாக ஊர் ஊராய் வந்துகொண்டிருந்தது. ஒளிந்திருப்பவருக்கு டெலிவிஷனில் பேட்டியும் கிடைத்தது. இவ்வழக்கை விசாரித்து வந்த திருச்செங்கோட்டுப் போலீஸ் துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா என்ற 27 வயதுப் பெண், அவ்வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி தம் இருப்பிடத்தில் தூக்கில் தொங்கி மாண்டார். அந்த மரணத்தைப் பற்றியுங்கூட, தேடப்படுகிற இந்தப் பேர்வழி பேசி அனுப்பினார்! அக்டோபர் 11-ந் தேதி நாமக்கல்லில், தம்மைப் பின்பற்றுவோர் கூடி நிற்க, தாமாகவே போய்ச் சரணடைந்தார். 2016-ல் ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. அவ்வருஷமே டில்லி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. நாமக்கல்லில் நடந்த விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது. அங்கே 2022 மார்ச் 5-ந் தேதி, விசாரிக்கப்பட்ட 15 பேரில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 8-ந் தேதி, யுவராஜ் சாகும்வரை சிறையில் இருக்க வேண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஜூன் 2-ந் தேதி, நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அதை உறுதி செய்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் தண்டனை குறைந்தது. மேலே சொன்ன அய்ந்து பேர் விடுதலை விடுதலையாகவே நின்றது.

"பொய்க் கேஸ்" என்கிறார்களே, பொய்க் கேசாயிருந்தால் அய்ந்து பேரை ஏன் விட்டார்கள்? ஆளை ஆளாகப் பார்த்து, சாட்சியைச் சாட்சியாக நிறுத்துத்தானே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்? கூட இருந்த பெண்ணே கோர்ட்டில் ஏறி, தனக்கு ஒன்றும் தெரியாதென்று மாறிச் சொன்ன பிறகும் வழக்கு நின்றது. அந்தப் பெண்ணை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். பேக்கரியில் உட்கார்ந்திருந்த தகப்பனாருக்கு இருந்த பயம்தானே அவளுக்கும் இருந்திருக்கும்? ஐகோர்ட்டு நீதிபதிகள் 2023 ஜனவரியில் தாங்களே அந்த மலைக்குப் போய், எந்த வாசலில் எந்தக் காமிரா இருந்தது, அதில் என்ன தெரியும் என்று பார்த்துவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார்கள்.

இங்கே ஆஸ்திகத் தோழர்களை ஒன்று கேட்கின்றோம். அர்த்தநாரீஸ்வரர் என்றால் பாதி ஆண், பாதி பெண். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாய் நிற்கிற சுவாமிக்கு முன்னால், ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அடி விட்டு அடி தள்ளி நின்று பேசியது மகாபாவமாய்ப் போயிற்று! அந்தப் பாதிக்கும் இந்தப் பாதிக்கும் ஒரே ஜாதிதானா என்று எந்தப் பேரவையாவது விசாரித்ததா? அன்றியும், ஆயிரக்கணக்கான படியேறிப் போய்க் கும்பிடுகிறீர்களே, அன்றைக்கு அந்தப் பையன் இழுத்துக்கொண்டு போகப்பட்டதைச் சுவாமி பார்த்தாரா, இல்லையா? பார்த்திருந்தால் ஏன் சும்மா இருந்தார்? கோர்ட்டுக்குப் பயன்பட்ட சாட்சி எது? ஏதோ கம்பெனிக்காரன் செய்து, கோயில் சிப்பந்தி ஏணி வைத்து மாட்டின காமிராப் பெட்டியல்லவா! நாள் தவறாமல் பூசை வாங்குகிற மூர்த்தியைவிட, பூவும் சந்தனமும் கேட்காத அந்தப் பெட்டிக்கு யோக்கியதை அதிகம் என்று நாம் சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள்.

(இதே ஊரில், இதே கோயிலை வைத்து எழுதின ஒரு நாவலுக்காக, அதே 2015 ஜனவரியில், எழுத்தாளர் பெருமாள்முருகனை ஊரை விட்டே ஓட்டினார்கள் என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கதையில் வந்த சங்கதி மானத்தைக் கெடுத்துவிட்டதாம். தண்டவாளத்தில் கிடந்த தலை கெடுக்கவில்லையாம்.)

நிற்க, "நம்ம பொண்ணுகள்" என்கிறார்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். நம் ஜில்லாக்களில் முப்பத்தைந்து, நாற்பது வயதாகியும் பெண் கிடைக்காமல் திரிகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எந்தக் கலியாணத் தரகரைக் கேட்டாலும் சொல்லுவார். பெண்கள் எங்கே போனார்கள்? வேறு ஜாதிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டானா? 1992-ல் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம் என்ற ஒன்றை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் ஏன் ஆரம்பிக்க நேர்ந்தது? பிறந்த பெண்ணுக்குக் கள்ளிப்பாலும் நெல்மணியும் கொடுத்த பாவம், பிறகு ஸ்கேன் பார்த்து வயிற்றிலேயே அழித்த பாவம், எந்த ஒரு ஜாதிக்கும் தனிச் சொத்தல்ல. பல ஜாதியாரும் செய்தார்கள். ஆனால் அப்போது எந்தப் பேரவை காரை எடுத்துக்கொண்டு "நம்ம பொண்ணைக் காப்பாற்ற" ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது?

அதுவும் போகட்டும். பெண் கிடைக்காமற் போகவே, வேலந்தாவளம் தாண்டி, பாலக்காட்டுப் பக்கம் தரகர் வைத்துப் பெண் எடுத்து வருகிறார்கள். கிணத்துக்கடவிலிருந்து அது எத்தனை தூரம்? அந்தப் பெண்கள் என்ன ஜாதி, என்ன கூட்டம் என்று நோண்டிக் கேட்பவர் குறைவு. வந்த பெண்கள் நம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், மாடு கறக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கவுண்டர் என்று சர்டிபிகேட்டும் கிடைக்கிறது. இதில் வானம் இடிந்து விழுந்ததா? நாம் இதை மனமார வரவேற்கின்றோம். ஆனால், பிள்ளை வீட்டார் எல்லை தாண்டிப் பெண் எடுத்தால் சாமர்த்தியம், பெண் பிள்ளை பக்கத்துத் தெருவில் பேசினால் கொலை என்றால், இது ஜாதிப் பற்றா, பெண்ணை மாடு கன்றுபோல் உடைமையாக வைத்துக்கொள்ளும் ஆசையா? அந்த மோட்டார் சைக்கிள் தம்பிக்கு நாளைக்குப் பெண் தேட வேண்டி வரும். அப்போது பேரவை ஒரு பெண்ணைச் செய்து கொடுக்குமா?

இவர்கள் பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தச் சின்னமலை யார்? திப்புவோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்து, 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர். அவர் படையில் பொல்லான் என்ற அருந்ததியர் முக்கிய வீரராய் இருந்தார் என்பதும், எதிரியின் பாளையத்திலிருந்து செருப்புக்குள் ஓலை வைத்து அவருக்குச் சேதி அனுப்பினவர் அவரே என்பதும் நம் பக்கத்து வழக்கு. அந்தச் செருப்பைக் கையில் வாங்கிப் பிரித்தபோது சின்னமலைக்குத் தீட்டு ஒட்டியதாக யாரும் சொல்லக் காணோம். திப்புவின் தோழருடைய பேரை, பொல்லான் பேரப்பிள்ளைகளை மிரட்டுவதற்குப் பலகையாக மாட்டுவது அவரை இரண்டாந்தரம் தூக்கில் போடுவதாகும்.

இம்மாதிரித் தலைவர்கள் நம் நாட்டுக்குப் புதியவர்களும் அல்ல. காந்தியாரைக் கொன்ற நாதுராம் கோட்சேயைப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் தேறவில்லை, தையல்கடை வைத்துப் பார்த்தார், கடைசியில் இந்துக்களைக் காப்பாற்றுகிற தொழிலைக் கையில் எடுத்தார். 1944-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 1948 ஜனவரி 30-ந் தேதி, 37-ம் வயதில், நிராயுதபாணியான ஒரு கிழவரைச் சுட்டார். பிறகு கோர்ட்டையே பிரசங்க மேடையாக்கிக் கொண்டார். 1949 நவம்பர் 15-ல் அம்பாலா ஜெயிலில் தூக்கு. அவருக்குப் பத்திரிகை, இவருக்கு வாட்ஸப். அங்கே மதம், இங்கே ஜாதி. இரண்டிலும் செத்தவர் கையில் ஒரு குச்சிகூட இல்லை.

ஆனால் நம்மவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். ஆளை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். யுவராஜ் 2016 ஜனவரியில் சிறையில்தான் இருந்தார். மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில், பட்டப்பகலில், சங்கர் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர் கட்டின மனைவி கண் முன்னால் வெட்டிக் கொல்லப்படவில்லையா? அவர்கள் வேறு ஜாதி, வேறு ஆட்கள், வியாதி ஒன்றுதான். 2011-லேயே சுப்ரீம் கோர்ட்டு, நம் மாகாணத்து வழக்கொன்றில், இரட்டைக் கிளாஸ் முறையையும் இம்மாதிரிக் கொலைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்டித்தது. 2018-ல், ஜாதிமறுப்புத் தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க ஜில்லாதோறும் ஏற்பாடு வேண்டுமென்று உத்தரவிட்டது. 2025 அக்டோபரில், இதற்கென்று தனிச் சட்டம் செய்வதைப் பற்றி யோசனை சொல்ல, ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஒரு கமிஷன் அமைப்பதாகச் சென்னை சர்க்கார் சட்டசபையில் அறிவித்தது. நல்லதுதான். இத்தனை வருஷமாகத் தனிச் சட்டம் கேட்டு வந்தவர்களில் நாமும் ஒருவர். ஆனால் கிணத்துக்கடவு பேக்கரியில் உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பனார், ஏதாவது ஒரு கட்சிக்காரர் தைரியம் சொல்லித் தம்மைக் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் அழைத்துப் போனால் வந்திருப்பார். அன்று கடைவீதியில் மூன்று கட்சிக் கொடிக் கம்பம் இருந்தது. ஒரு கட்சிக்காரரும் வரவில்லை. அடுத்த தேர்தலில் அந்தத் தெரு ஓட்டு என்னாவது என்ற கவலை போலும்!

மாலையில் மண்டபம் காலியாகி, பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தபோது, அவர் மெள்ள உள்ளே வந்து மகள் தலையைத் தொட்டுவிட்டுப் போனதாக, பின்னால் தோழர் டெலிபோனில் சொன்னார்.

அடுத்த மாதம் கிணத்துக்கடவில் நமது கூட்டம் ஒன்று வைத்திருக்கின்றது. ஐகோர்ட்டுத் தீர்ப்பைத் தமிழில் வாசித்து விளக்கும்படி ஒரு வக்கீல் தோழரைக் கேட்டிருக்கின்றோம். அந்தத் தம்பியும் வரட்டும். எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். வண்டியிலேயே வரட்டும். படத்தைக் கிழிக்கச் சொல்ல மாட்டோம்.